ஐம்பது நாள் வாசகம் – 4: நல்லாயன் வாரமும் அழகர் பௌர்ணமியும்

எம்மாவு சாலையில் நடந்த இரண்டு சீடர்களையும், இரவில் ஒளிந்து வந்த நிக்கதேமையும் இத்தொடரை விடாமல் படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளட்டும். இந்த வாரம் தென்னிந்தியத் திருச்சபையின் அல்மனாக் பற்றி என்று அறிவித்திருந்தோம். அது நடக்கப் போவதில்லை. குறுக்கே ஒரு பௌர்ணமி வந்துவிட்டது.

உயிர்ப்புப் பெருவிழாவுக்குத் திருச்சபை வைத்திருக்கும் கணக்கு எளிது. மார்ச் 21ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைப் பிடி. அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். மதுரைக்கு வேறொரு கணக்கு உண்டு: சித்திரைப் பௌர்ணமியில் அழகர் வைகையில் இறங்குவார். இரண்டும் நிலாவை நம்பிய கணக்குகள். பங்குனி நிலாவை ஒட்டி ஈஸ்டர் வரும் ஆண்டில், சித்திரை நிலாவுக்கு அங்கிருந்து இருபத்தொன்பது, முப்பது நாள். ஈஸ்டர் ஞாயிறுக்காகக் காத்திருந்த நாள்களை அதில் கழித்துவிட்டால், ஈஸ்டருக்கு இருபத்திரண்டு முதல் இருபத்தொன்பதாம் நாளுக்குள் அழகர் ஆற்றில் நிற்க வேண்டும். ஈஸ்டரில் தொடங்கும் ஐம்பது நாள் பாஸ்கா காலத்தின் நான்காம் வாரம் அதே இடத்தில்தான் விழுகிறது. அதாவது, இயேசு தம்மை நல்ல ஆயன் என்று சொல்லும் யோவான் பத்தாம் அதிகாரத்தை வாசிக்கும் நல்லாயன் ஞாயிறைத் தொடரும் வாரம்.

சரிபார்க்காமல் இதை அச்சுக்கு அனுப்ப முடியுமா? 2016இல் மார்ச் 27 ஈஸ்டர், ஏப்ரல் 22 அழகர்: நான்காம் வாரம், வெள்ளி. 2017இல் ஏப்ரல் 16, மே 10: நான்காம் வாரம், புதன். 2023இல் ஏப்ரல் 9, மே 5: மறுபடி வெள்ளி. 2024இல் மார்ச் 31, ஏப்ரல் 23: செவ்வாய். 2025இல் ஏப்ரல் 20, மே 12: திங்கள். 2015, 2018 இரண்டும் மட்டும் சற்றே நழுவி ஐந்தாம் வாரத்துத் திங்களுக்குப் போய்விட்டன. அந்த ஆண்டுகளில் பௌர்ணமி சனிக்கிழமை, மறுநாளே ஈஸ்டர். கொரோனாவால் அழகர் ஆற்றுக்கு வராத 2020, 2021ஐ விட்டுவிடலாம்.

ஞாயிறு நற்செய்தி மூன்று ஆண்டுச் சுழற்சியில் மாறும். பாஸ்கா காலத்து வாரநாள் நற்செய்தி அப்படியில்லை, ஆண்டுதோறும் ஏறக்குறைய அதேதான். நான்காம் வாரத்துத் திங்களும் செவ்வாயும் யோவான் பத்தாம் அதிகாரம், அதன்பின் பன்னிரண்டு, பதின்மூன்று, வெள்ளி சனிக்குப் பதினான்கு. எனவே அழகர் இறங்கும் நாளில் காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ‘இன்றைய சிந்தனை’ எந்தப் பகுதியைப் பற்றியது என்பதைப் பஞ்சாங்கத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். 2024இல் ஒரு வேடிக்கையும் நடந்தது. அன்றைய வாசகம் எருசலேம் கோவில் அர்ப்பண விழாவில், சாலமோன் மண்டபத்தில் இயேசு உலாவும் காட்சி. அங்கே குளிர்காலம் என்று யோவான் குறித்துவைத்திருக்கிறார். இங்கோ சித்திரை வெயிலில் மண்டபத்துக்கு மண்டபம் நீர்மோர். ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிச் சுவாமிமீது பீய்ச்சியடிக்கும் பக்தர்கள்.

இந்தச் சந்திப்பு பழையது என்று நினைத்தால் அதுதான் இல்லை. திருமலை நாயக்கர் காலத்தில் மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணம் சித்திரைக்கு வந்தது, தேனூரில் இறங்கிய அழகர் மதுரைப் பக்கம் திரும்பினார் என்பது ஊரறிந்த செய்தி. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி, நாயக்கர் ஆட்சியின் முற்பாதியில் இங்கேதான் இருந்தார். ஈஸ்டர் கணக்கைச் சீர்செய்த கிரகோரியன் நாள்காட்டி அவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, 1582இல் வந்தது. அக்டோபர் 4க்கு மறுநாள் 15 என்று பத்து நாளை விழுங்கியது. அதன் கணிதத்துக்குத் தோள்கொடுத்த கிளாவியுஸ், நொபிலி பின்னாளில் சேர்ந்த அதே இயேசு சபைக்காரர். ஆக இரண்டு விழாவும் ஊரில் இருந்தன, நாள்காட்டியும் இருந்தது. ஆனால் நல்லாயன் ஞாயிறு அன்று ஒரு வாரம் முன்னால் இருந்தது. அழகர் வருவதற்குள் ஆயன் போய்விடுவார்.

1969 மே மாதம் ரோமில் புதிய வாசக ஒழுங்கு வெளியானது. விவிலியக் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டிருந்ததன் விளைவு அது. அதில்தான் நல்லாயன் பகுதி பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறுக்கு நகர்ந்தது. வாரநாளுக்கும் தனித்தனி நற்செய்தி கிடைத்தது. அந்தக் குழுவுக்கு வைகை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

சரி, ஆடுகளுக்கு வருவோம். மதுரைச் சமவெளியில் கோடையில் யோவான் பத்தைப் படிப்பதற்கும் ஐரோப்பியப் படத்தில் தோளில் குட்டியுடன் நிற்கும் ஆயனைப் பார்ப்பதற்கும் வெகுதூரம். நெல் அறுத்துக் காய்ந்து கிடக்கும் வயல்களுக்கு இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டி வருகிறார்கள். ஒரே கிடையில் பல பேருடைய ஆடு இருக்கும். பகலெல்லாம் மேய்ச்சல், இரவில் வயல்காரர் காட்டிய இடத்தில் கிடை. புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். கீதாரிக்குப் பணமோ நெல்லோ கூலி. கூடவர முடியாத இளங்குட்டிகளைக் கூடை கவிழ்த்து மூடிவைப்பார்கள். வயல் மாற மாறக் கிடையும் மாறும். இரவில் திருடனுக்கும் நாய்க்கும் காவல் உண்டு.

யோவான் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: ஒரு பட்டி, ஒரு வாயில், காவல்காரர், வேலி ஏறிக் குதிக்கும் திருடன், குரல் தெரிந்து பின்னால் போகும் ஆடு, ஓநாயைக் கண்டதும் ஓடும் கூலியாள். இத்தனை இருந்தும் அன்றாடச் சிந்தனைகளில் பெரும்பாலானவை குரலையும் அன்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு திருடனை வேலிக்கு வெளியே விட்டுவிடுகின்றன. இனிப்பு கூடிப்போகிறது. கூலியாளைப் பற்றி எழுதுபவர்கள் ஒருமுறை கிடைப்பக்கம் போய்வருவது நல்லது. கூலிக்கு ராத்திரி முழுக்க விழித்திருக்கும் ஆளிடம் ‘நீ ஓடிப்போகிறவன்’ என்று சொன்னால் கம்பு யார்மேல் விழும் என்பது தெரிந்துவிடும். கி. ராஜநாராயணனின் ‘கிடை’யையும் சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’யையும் குருமடங்களில் இந்த வாரத்துக்குத் துணைநூலாக வைக்கலாம் என்பது இத்தொடரின் தாழ்மையான சிபாரிசு.

இனி, இரண்டு கணக்கும் ஒரே நிலாவில் முட்டிக்கொள்ளும் ஆண்டுகள். 2022இல் அழகர் இறங்கியது ஏப்ரல் 16, புனித சனி. அதைவிட 2019தான் மதுரைக்காரர்களுக்கு மறக்காது. ஏப்ரல் 18 அன்று பெரிய வியாழன், மீனாட்சி தேரோட்டம், மக்களவைத் தேர்தல் மூன்றும் ஒன்றாக வந்தன. தேதியை மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள், மாறவில்லை. மதுரைத் தொகுதியில் வாக்குப்பதிவை இரவு 8 மணி வரை நீட்டித்ததோடு சரி. தேர் பார்த்து, ஓட்டுப் போட்டு, கத்தோலிக்கராக இருந்தால் பாதம் கழுவும் வழிபாட்டுக்கும் போய், மறுநாள் விடியுமுன் அழகருக்கு ஆற்றங்கரை என்று அலைந்த குடும்பங்கள் உண்டு. அந்த மறுநாள் புனித வெள்ளி. அன்று எல்லாக் கத்தோலிக்கக் கோவிலிலும் வாசிப்பது யோவான் எழுதிய பாடுகளின் வரலாறு. அது தொடங்குவது எங்கே தெரியுமா? இயேசு சீடர்களோடு கெதரோன் ஓடையைக் கடக்கும் இடத்தில். கெதரோனும் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை. வைகைக்காவது அழகருக்கென்று அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள்.

அல்மனாக் அடுத்த வாரம் நிச்சயம். 1947இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை ஞாயிறுகளுக்குத் தலைப்பு வைப்பதையும், ரோமில் வாசக ஒழுங்கு வந்த அதே 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கியதையும் ஒரே இழுப்பில் சொல்ல உத்தேசம். நான்காம் வாரத்துச் சனிக்கிழமை நற்செய்தியில் வரும் பிலிப்பு ஒரு வேண்டுகோளோடு நடுவில் நிற்கிறார்; அவர் விட்டால்.