தேரை நிறுத்துகிறவர்கள்

மன்னார்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். போன பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தாராம். கீழவீதி முனையில் தேர் திரும்பியதைப் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி குடைகிறது என்கிறார். "அத்தனை பெரிய தேருக்கு ஸ்டியரிங் எங்கே இருக்கிறது சார்? யார் அதை ஓட்டுகிறார்கள்?"

தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரங்கள் அச்சோடு நேராகப் பொருத்தப்பட்டவை. இடமோ வலமோ அவை திரும்பாது. நாலு வீதியையும் சுற்றி அந்தத் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மரக்கட்டையும் அதைக் கையில் பிடித்துச் சக்கரத்தோடு நகரும் மனிதர்களும்தான். முட்டுக்கட்டை என்கிறோம். சறுக்குக்கட்டை, சன்னக்கட்டை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், வேலை மாறாது.

தியாகராஜர் ஆரூருக்கு வந்த கதையும் முசுகுந்தன் கதையும் உங்களுக்குத் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். ஆழித்தேரைப் பற்றிய குறிப்பு அப்பர் பாடலிலேயே இருக்கிறது. அவர் பார்த்த தேர் வேறு, இன்றைய தேர் வேறு. 1920களில் பழைய தேர் தீக்கிரையாகி, புதிதாகக் கட்டிய தேர் 1930இல் ஓடியது. 1948க்குப் பிறகு நின்றுபோய், 1970இல்தான் மறுபடி வீதிக்கு வந்தது. பிறகு திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தினார்கள். மூங்கில் கட்டி, சீலை சுற்றி, கலசம் ஏற்றியபின் உயரம் 96 அடி, எடை சுமார் 300 டன் என்பது ஊரில் வழங்கும் கணக்கு.

இந்த 300 டன்னை நகர்த்துவது எப்படி என்பது எல்லாருக்கும் தெரியும். முன்னால் நாலு வடம், ஒவ்வொன்றும் 400 அடிக்கு மேல் நீளம். பின்னாலிருந்து தள்ளுவதற்கு இப்போது புல்டோசர்கள். படம் எடுப்பவர்கள் எடுப்பதும், மறுநாள் பத்திரிகையில் வருவதும் வடம் பிடிக்கும் கூட்டத்தைத்தான். ஆனால் வடத்தால் இழுக்கத்தான் முடியும், நிறுத்த முடியாது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வடத்தைக் கீழே போட்டாலும் தேர் அதைக் கண்டுகொள்ளாது. சரிவு இருந்தால் அதுபாட்டுக்குப் போகும்.

அந்தச் சரிவைத்தான் நாம் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். நூறடி நீளத்துக்கு ஓரடி இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் போகிறவருக்குக்கூட இறக்கமென்று சட்டெனத் தெரியாது. 300 டன் தேரை அந்த இறக்கம் 3 டன் விசையோடு முன்னால் தள்ளும். மழைத்தண்ணீர் வடியட்டும் என்று நகராட்சி சாலையில் வைக்கும் சின்னச் சாய்வுகூடத் தேருக்குப் பெரிய விஷயம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வருகிறது. ஒரு துண்டு மரம் 300 டன்னை எப்படி நிறுத்துகிறது? உராய்வால் என்றுதான் பலரும் சொல்வார்கள். உராய்வுக்கும் பங்கு உண்டு, ஆனால் முக்கால்வாசி வேலையைச் செய்வது தேரின் சொந்தக் கனம். தேர் நொடிக்கு ஓரடி நகர்கிறது என்று கொள்வோம். அந்த வேகத்தில் அதன் இயக்க ஆற்றல், ஒரு டன் எடையுள்ள சின்னக் கார் மணிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இருக்கும் ஆற்றல்தான். இப்போது ஆப்பு வடிவில் செதுக்கிய கட்டையை ஒரு சக்கரத்தின் முன்னால் வைக்கிறார்கள். முன்னே போகவேண்டுமானால் சக்கரம் அந்தக் கட்டைமேல் ஏறியாக வேண்டும். தேரின் பாரத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது 75 டன், அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கிறது என்று வைத்தால், அதை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்துவதற்குள் தேரின் மொத்த ஆற்றலும் தீர்ந்துவிடும். இரண்டு விரல் கனம்கூட இல்லை. தன்னைத் தானே தூக்கவேண்டிய நிலைக்குத் தேரைக் கொண்டுவந்துவிடுகிறது அந்தக் கட்டை. எவ்வளவு கனமான தேரோ, ஏறுவது அவ்வளவு கடினம். மலைபோல நிற்கும் ஒன்றை அதன் கனத்தைக் கொண்டே கட்டிப்போடும் இந்த யோசனை முதலில் எந்தத் தச்சர் மனதில் உதித்ததோ, அவரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அப்படியானால் உறுதியான இரும்பிலேயே செய்யலாமே என்று கேட்கலாம். இரும்புச் சக்கரத்தின் கீழ் இரும்பு ஆப்பு வைத்தால் வழுக்கும், வழுக்கினால் தெறிக்கும். நசுங்கிய மரத்துக்குள் சக்கரம் பதியும், மரம் அதைப் பிடித்துக்கொள்ளும். மரம் நசுங்குவதிலேயே கொஞ்சம் ஆற்றல் செலவாகிவிடும். புளி மாதிரி வலுவான மரத்தைத் தேடிப்போய் அறுப்பது இதற்காகத்தான். ஒருமுறை நன்றாக நசுங்கிய கட்டையை நம்பி மறுமுறை வைக்க முடியாது. அதனால் கட்டைகளை ஏற்றிய வண்டி தேரோடு கூடவே வரும்.

நிறுத்துவது பாதி வேலைதான். திருப்புவது இதைவிட நுட்பமானது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கட்டை வைத்தால் தேர் நிற்கும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் சாய்வாக வைத்தால், அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் மெல்ல முகம் திருப்பும். ஒரு கட்டைக்குக் கிடைப்பது சில அங்குலத் திருப்பம். வீதி நெடுக இந்த அங்குலக் கணக்கில்தான் தேர் வீட்டுத் திண்ணையை இடிக்காமல் போகிறது. வீதி முனையில் அதுவும் போதாது. இரும்புத் தகடுகளைத் தரையில் பரப்பி, கிரீஸ் பூசி, அதன்மேல் சக்கரத்தை ஏற்றி வழுக்கவிட்டுத் திருப்புகிறார்கள். மாணவி கீழவீதி முனையில் கண்டது இதைத்தான். ஹைட்ராலிக் பிரேக் வந்தபின் கட்டை எதற்கு என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. பிரேக் சக்கரம் சுழலாமல் தடுக்கும், திசை காட்டாது. கிரீஸ் பூசிய தகட்டின்மேல் சுழலாத சக்கரமும் வழுக்கும்.

சின்ன வயதில் எங்கள் அப்பா நெல்மூட்டை ஏற்றிய வண்டியை வெண்ணாற்றுக் கரையிலிருந்து இறக்கும்போது, பண்ணையாள் ஒருவர் கையில் கருங்கல்லோடு சக்கரத்தை ஒட்டியே குனிந்து நடப்பார். மாட்டின் கால் தடுமாறிய கணத்தில் கல் சக்கரத்தடியில் இருக்கும். அவர் கல்லை வைக்கிற நேரத்தை நான் ஒருபோதும் பார்த்ததில்லை, வைத்தபின்தான் பார்ப்பேன். திருவாரூரில் கட்டை போடுகிறவர்களிடம் காணும் வேகமும் அதே வேகம்தான், சக்கரம் மட்டும் ஆளைவிட உயரம். இடுப்பில் வரிந்து கட்டிய வேட்டி, தலையில் துண்டு, வெறுங்கால். பக்கவாட்டில் நண்டு நடையாக நகர்ந்துகொண்டே கட்டையின் கூர்முனையைச் சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு இரண்டு விரல் முன்னால் பிடித்திருப்பார்கள். சைகை வந்ததும் உள்ளே தள்ளிக் கையை உருவிக்கொள்ள வேண்டும். கட்டை நசுங்கும் ஓசை கேட்கும்போது கை வெளியே இருந்தாக வேண்டும். அவர்களில் மூத்தவர் ஒருவர், பக்கத்தில் நின்ற இளைஞனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தம்பி, கண்ண சக்கரத்துலயே வையி. மேல பாக்காத. சாமிய நெலைக்கு வந்தப்பறம் பாத்துக்கலாம்."

மேலே தேர்த்தட்டின் முன்னால் நிற்பவர் துண்டை வீசுவதும், கீழே விசில் ஊதுவதும், வடம் பிடிப்பவர்கள் விடுவதும், புல்டோசர்காரர் காலை எடுப்பதும், கட்டை விழுவதும் ஒரே மூச்சில் நடந்தாக வேண்டும். ஒரு பக்கக் கட்டை முந்திக்கொண்டால் தேர் சட்டென்று ஒருபுறம் திரும்ப, 96 அடி உயரத்தில் இருக்கும் கலசம் ஆடும். மூங்கிலும் சீலையுமாக மேல்பாகம் லேசாக இருப்பதால்தான் அந்த ஆட்டம் தாங்குகிறது.

ஒரு நாள் நடப்பதற்கு இந்த ஊர் வாரக்கணக்கில் வேலை செய்கிறது. பந்தக்கால் நட்டதுமே மூங்கில் வந்து இறங்கும், தேர்கட்டுபவர்கள் ஏறுவார்கள். அச்சையும் சக்கரத்தையும் பொறியாளர்கள் சோதித்து, பொதுப்பணித் துறை உறுதிச்சான்று தரவேண்டும். மின்வாரியம் தேர் வரும் நேரம் பார்த்து வீதி வீதியாக மின்சாரத்தை நிறுத்தும். தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், கூடுதல் பஸ், குடிதண்ணீர், கழிப்பறை, காணாமல்போன குழந்தைகளுக்கு ஒரு பந்தல். தேர் போனபின் வீதியைக் கூட்டி அள்ள நகராட்சித் தூய்மைப் பணியாளர்கள். வீதிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். லாரியின் ஓர் அச்சில் 11.5 டன்வரை ஏற்றலாம் என்கிறது நம் சட்டம். தேரின் ஒரு சக்கரம் மட்டும் அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் அழுத்தும். சாக்கடைமேல் போட்ட பலகைக்கல்லும் புதிதாகத் தோண்டி மூடிய குழாய்ப் பள்ளமும் அதைத் தாங்குமா என்று முன்கூட்டியே பார்க்காவிட்டால், தேர் அந்த இடத்தில் இறங்கி உட்கார்ந்துவிடும்.

இந்த ஏற்பாடுகளில் ஒன்று தவறினாலும் என்ன ஆகும் என்பதை 2022 நமக்குக் காட்டியது. ஏப்ரல் 27 விடிவதற்கு முன் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதயவிழாத் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. அதே ஆண்டு ஜூலை 31 அன்று புதுக்கோட்டையில் ஆடிப்பூரத் தேர் புறப்பட்ட சற்று நேரத்திலேயே முன்பக்கம் சரிந்து கவிழ்ந்தது. மனுநீதிச் சோழனின் கல்தேர் நிற்கும் ஊர் திருவாரூர். நேரத்துக்கு நிற்காத ஒரு தேர் என்ன செய்யும் என்ற கதையை அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இருக்கும் மனக்குறையை இங்கே சொல்லிவிடுகிறேன். எந்தத் திருவிழாவுக்கும் ஆலோசனைக் கூட்டம் நடந்தால், போலீசார் எத்தனை பேர், பஸ் எத்தனை, கேமரா எத்தனை என்று கணக்கு வாசிக்கப்படுகிறது. கட்டை போடுபவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு வயது என்ன, அவர்களுக்குப் பின்னால் பழகிவருகிறவர்கள் யார் என்று யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. அப்பா போட்டார், நான் போடுகிறேன் என்று வருகிறார்கள். பலருக்கு அது ஒரு நாள் கூலி, ஒரு வேட்டி துண்டு, பிரசாதம். கை நசுங்கினால் அந்தக் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கவேண்டாமா? பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கூட்டத்தில் நின்ற திடகாத்திரமான பையனை இழுத்து நிறுத்திக் கட்டையைக் கையில் கொடுக்கும் நிலை பல சின்னக் கோயில்களில் வந்துவிட்டது. இந்த வேலையை அன்றைக்கு அன்று கற்றுக்கொள்ள முடியாது.

செய்யவேண்டியது ஒன்றும் பெரிய காரியமில்லை. சிறிய தேர்களில் இளைஞர்களைப் பழக்கலாம். ஆழித்தேர் நாளிலேயே விநாயகர் தேரும் சுப்பிரமணியர் தேரும் முன்னால் போகின்றன, பின்னால் அம்மன் தேரும் சண்டிகேசுவரர் தேரும் வருகின்றன. பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? தேறியவர்களுக்குப் பெயர்ப் பட்டியல், விபத்துக் காப்பீடு, கெட்டிச் செருப்பு, தேருக்குத் தேர் நியாயமான கூலி. சக்கரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்குள் அவர்களைத் தவிர யாரையும் விடாமல் பார்த்துக்கொள்ள நாலு காவலர்கள். இப்போது அந்த இடத்தில்தான் செல்போனை உயரப் பிடித்துக்கொண்டு கூட்டம் நெருக்குகிறது. கட்டை வைப்பவர் கையை உருவப் பின்னால் ஒரு முழம் இடம் வேண்டும். அந்த ஒரு முழத்தில் போய் நின்றுகொண்டு சாமி கும்பிட்டால் அதில் என்ன புண்ணியம் வந்துவிடப்போகிறது?

மன்னார்குடித் தங்கைக்கு: அடுத்த பங்குனி ஆயில்யத்துக்குப் போனால், வடத்தின் பக்கம் நிற்காதீர்கள். தெற்கு வீதி முனையில் தேர் திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், முடிந்தால் யார் வீட்டு மாடியிலாவது, சக்கரம் கண்ணில் படுகிற மாதிரி இடம் பிடியுங்கள். உட்பக்கச் சக்கரத்துக்கு எத்தனை கட்டை விழுகிறது, வெளிப்பக்கத்துக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், கணக்கு வித்தியாசப்படும். எண்ணியதை எனக்கு எழுதுங்கள்.