பென் டிரைவ் ஏன் ஒருநாள் ‘ஈ’, மறுநாள் ‘எஃப்’?

புனேயின் ஔந்தில் உள்ள அலுவலகமோ, உங்கள் வீடோ, விண்டோஸ் கணினியைத் திறந்தால் முதல் டிஸ்க் ‘சி’தான். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ‘ஏ’, ‘பி’ இரண்டும் ஃபிளாப்பிகளுக்குப் போயின. 1983இல் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தபோது மிச்சமிருந்த முதல் எழுத்து ‘சி’. ஃபிளாப்பி மறைந்த பிறகும், பழைய மென்பொருள்களுக்காக அந்த வரிசை அப்படியே நிற்கிறது.

பென் டிரைவின் எழுத்தை விண்டோஸ் பென் டிரைவிலேயே எழுதி வைப்பதில்லை. ‘இந்த அடையாளம் கொண்ட டிஸ்க்குக்கு இந்த எழுத்து’ என்று அந்தக் கணினியில் உள்ள தன் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. அதனால்தான் அதே பென் டிரைவ் வேறு கணினியில் வேறு எழுத்தோடு தெரிகிறது. புதிதாக வருவதற்கு, காலியாக உள்ள முதல் எழுத்து. நேற்று ‘ஈ’யில் இருந்ததை இன்று செருகும்போது அங்கே வேறொன்று உட்கார்ந்திருந்தால், இது ‘எஃப்’ ஆகிவிடும். ‘ஈ’யை நம்பி தினமும் பேக்கப் எடுப்பவர்களுக்கு இது உண்மையான ஆபத்து: நகல் தவறான டிஸ்க்குக்குப் போகலாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் ‘எக்ஸ்’ போன்ற கடைசி எழுத்துகளில் ஒன்றை நாமே கொடுத்துவிடுவது நல்லது. அங்கே போட்டி குறைவு.

ஔந்தை ஒட்டிய பாஷாணில், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவன (ஐசர்) வளாகத்தில் 2019இல் நிறுவப்பட்ட ‘பரம் பிரம்மா’ சூப்பர் கணினிக்கு இந்தக் கவலை இல்லை. அது லினக்ஸில் ஓடுகிறது. அங்கே டிஸ்க்குகளுக்கு எழுத்தே கிடையாது. எத்தனை சேர்த்தாலும் ஒரே கோப்பு மரத்தில் ஒரு ஃபோல்டராக இணைந்துவிடும்.