சொந்தமாகக் கட்டிய விமானங்கள் ஏன் விழுகின்றன?

தனிமனிதர்கள் பட்டறையில் கட்டும் சிறு விமானங்களும், துணியும் அலுமினியக் குழாயும் கொண்ட அல்ட்ராலைட் விமானங்களும் உலகெங்கும் பறக்கின்றன. கேரளத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் தாமே கட்டிய அல்ட்ராலைட், 2014இல் தமிழ்நாட்டின் மணிமுத்தாறில் பறந்து காட்டியது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, சொந்தமாகக் கட்டிய விமானங்களின் விபத்துகளுக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: இன்ஜின் கோளாறு, வானில் கட்டுப்பாட்டை இழத்தல். புதிதாகக் கட்டிய விமானத்தின் தொடக்கப் பறப்புகளிலும், பழைய விமானத்தை வாங்கியவரின் தொடக்கப் பறப்புகளிலும் ஆபத்து மிகுதி.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியக் கடலோரத்தில் இறந்தது இத்தகைய விபத்தில்தான். அவர் வாங்கிய லாங்-ஈஸி விமானத்தில், எரிபொருள் தொட்டியை மாற்றும் வால்வை, விமானத்தைக் கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் பொருத்தியிருந்தார். அதை எட்டித் திருப்பும் முயற்சியில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது.

எழும்பியவுடன் இன்ஜின் நின்றால், ஓடுபாதைக்குத் திரும்ப முயல்வது பெரும் ஆபத்து. வேகம் குறைந்த நிலையில் மிகச் சாய்ந்து திரும்பும்போது இறக்கைகள் தூக்குவிசையை இழக்கின்றன.

வெப்பமும் எதிரியே. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட கரிசல் நிலத்தில் நண்பகலில் காற்று அடர்த்தி குறைந்து இன்ஜினின் ஆற்றலும் தூக்குவிசையும் தளர்கின்றன. மேலெழும் அனல்காற்று எடை குறைந்த விமானத்தை உலுக்குகிறது. சீமைக்கருவேலம் அடர்ந்த இடத்தில் அவசரமாக இறங்குவதும் கடினம்.

வரைபடத்தை மீறாத கட்டுமானம், எரிபொருள் அமைப்பின் தரைச்சோதனை, அந்த விமான வகைக்கே உரிய பயிற்சி ஆகிய மூன்றையும் விமானி ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.