தசையின் கையிருப்புக் கணக்கு

சில மாதங்களுக்கு முன் என் தங்கையின் மகன் கடைக்கு வந்தான். பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குபவன் அவன். "மாமா, தொடையில் கட்டினால் தசைக்குள் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்று காட்டும் கருவி வந்திருக்கிறது. இருபது கொண்டுவந்து விற்போமா?" என்று கேட்டான். ஒன்றின் விலையே பல நூறு டொலர். கடையைப் பெருப்பிக்க ஒதுக்கி வைத்திருந்த பணத்தைத்தான் அவன் கேட்டான். பொருளை விளங்காமல் முதல் போடுவது என் வழக்கமல்ல என்பதால், முதலில் விடயத்தைப் படித்தேன்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய கருவியை நாம் எல்லோரும் அறிவோம். அது நாடியில் ஓடும் இரத்தத்தின் ஒட்சிசனைக் காட்டும். சுகதேகி எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது பெரும்பாலும் 95க்கு மேல்தான் நிற்கும். அதாவது, களஞ்சியத்திலிருந்து புறப்படும் லொறியில் சாமான் நிறைந்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். கடைத் தட்டில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லாது. தசையில் கட்டும் கருவி பார்ப்பது அந்தத் தட்டைத்தான்.

இதன் வேலை ஒளியால் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் அதைத் தாண்டிய அகச்சிவப்பு ஒளியையும் கருவி தோலினூடாகச் செலுத்துகிறது. ஒட்சிசன் ஏற்றிய ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சும் விதம் வேறு, இறக்கியதன் விதம் வேறு. திரும்பி வரும் ஒளியை அளந்து, எத்தனை வீதம் ஒட்சிசன் ஏற்றியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். இந்த ஒளி உடலுக்குள் ஊடுருவி ஒட்சிசனைக் காட்டும் என்பதை 1977இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்ஸ் யோப்சிஸ் வெளியிட்டார்.

இனி 'எல்லை' என்றால் என்ன என்று பார்ப்போம். மெதுவாக ஓடும்போது தசை செலவழிக்கும் ஒட்சிசனை இரத்தம் கொண்டுவந்து ஈடுசெய்கிறது. வரவும் செலவும் சமம், தட்டு ஓரளவு நிலையாக நிற்கும். வேகம் கூடக்கூட ஓர் இடத்தில் செலவு வரவை மிஞ்சுகிறது. அதன் பிறகு உடல் கைமாற்று வாங்கி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைமாற்று நெடுநேரம் தாங்காது. இந்த இடத்தை அறிய வழமையாக விரலிலோ காதுமடலிலோ குத்தி இரத்தம் எடுத்து, லக்டேட் என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள். ஒரு பரிசோதனைக்குள் பல தடவை குத்த வேண்டும்.

புதிய கருவியோடு இது எளிது. சைக்கிளோட்ட வீரரை 100 வொட்டில் தொடங்கச் செய்து, சில நிமிடங்களுக்கொரு முறை 25 அல்லது 30 வொட் கூட்டுவார்கள். ஆரம்பப் படிகளில் ஒட்சிசன் கொஞ்சம் இறங்கினாலும் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். ஒரு படியில் அது நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். எல்லை அந்த இடத்தை அண்டியே இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒளி ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் ஆழமே போகும். தோலுக்கடியில் கொழுப்பு தடித்தவரிடம் தசையை விடக் கொழுப்பைத்தான் அது பார்க்கும். கட்டும் இடம் சற்று விலகினாலும் எண் மாறும். ஒருவருடைய 40ஐ மற்றவருடைய 40உடன் ஒப்பிட முடியாது. அந்தந்த ஆளுடைய போக்கையே பார்க்க வேண்டும். இரத்தப் பரிசோதனைக்கு இது துணையாகுமே தவிர, முழு மாற்று என்று சொல்ல முடியாது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விடயம் அடுத்தது. அமெரிக்காவில் கெண்டைக்காலில் அணியும் 'பிஎஸ்எக்ஸ் இன்சைட்', தொடையில் கட்டும் 'ஹியூமன் ஹெக்ஸ்' என்று இரண்டு வந்தன. முதலாவதுக்கு 2014இல் இணையத்தில் பொதுமக்களிடமே பணம் திரட்டினார்கள். இரண்டும் இன்று சந்தையில் இல்லை. அவற்றின் முழுப் பலனும் கம்பனியின் கைத்தொலைபேசிச் செயலியை நம்பியிருந்தது. கம்பனி கைவிட்டால் வாங்கியவர் கையில் மிஞ்சுவது வெறும் பெட்டி. மினசோட்டா மாநிலத்து 'மொக்ஸி' நிலைத்திருக்கிறது. அதன் எண்களை வேறு கம்பனிகளின் விளையாட்டுக் கைக்கடிகாரங்களும் சைக்கிள் கணினிகளும் வாங்கிக் காட்டும். பெரும்பாலும் பயிற்றுவிப்பாளர்களும் ஆய்வுகூடங்களுமே அதை வாங்குகிறார்கள்.

இதிலிருந்து எனக்கு விளங்கியது ஒன்று. ஓர் ஓட்டக்காரர் தன் எல்லையைச் சில மாதங்களுக்கு ஒரு முறை அறிந்தால் போதும். அதற்காகத் தானே ஒரு கருவி வாங்குபவர் மிகச் சிலர். அளந்து சொல்பவருக்குக் கூலி கொடுக்கப் பலர் இருக்கலாம். தராசு வாங்காதவனும் நிறுத்துத் தரும் இடத்துக்கு வருவான் அல்லவா?

மருமகனிடம் சொன்னேன்: "இருபது வேண்டாம், இரண்டு எடுப்போம். விற்க வேண்டாம், அளந்து கொடு. ஆறு மாதத்துக்குக் கணக்கு எழுது." அவன் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் கொப்பி ஒன்று வாங்கிக்கொண்டுதான் போனான். ஆறு மாதம் முடிய அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் அடுத்த சதம் போடுவேன்.

புதுப் பொருளோடு வருபவரிடம் நீங்களும் மூன்று கேள்வி கேளுங்கள். இது உண்மையில் எதை அளக்கிறது? கம்பனி மூடினாலும் வேலை செய்யுமா? வாங்குபவருக்குத் தேவை பொருளா, அதன் பலனா? இம்மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு விலையைப் பேசலாம்.