நீர் தேங்கும் கரிய மக்கு மண்: அதன் இயல்பும் பயனும்

மண் கறுத்திருந்தால் அது வளமானது என்று கருதுவது நம் குடியானவர்களின் வழக்கம். ஆயினும் கறுப்பு மண் அனைத்தும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையல்ல. கரிசல் நிலத்தில் களியே மிகுதி. மக்கிய பொருள் சொற்பமே. அதன் உலர்ந்த கட்டி கையில் கனக்கும். நீர் தேங்கும் பள்ளங்களில் உண்டாகும் மக்கு மண்ணோ, காய்ந்தபின் தக்கைபோல் இலேசாக இருக்கும். அதில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்குக்கு மேல் சேந்திரியப் பொருளே அடங்கியிருக்கும்.

இம்மண் உண்டாகும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். பள்ளத்தில் வளரும் கோரையும் புல்லும் மடிந்து நீரினுள் அமிழ்கின்றன. நீர் நிற்கும் இடத்தில் காற்றுப் புகுவதில்லை. காற்றின்றி நுண்ணுயிர்கள் சருகுகளை விரைவில் அழிக்க இயலாது. ஆகவே அவை ஆண்டுதோறும் அடுக்கடுக்காய்ப் படிகின்றன. பொதுவாக ஓராண்டிற் சேர்வது ஒரு மில்லிமீட்டர் அளவே. வேரும் தண்டும் உருத்தெரியும் நிலையில் உள்ளதைப் ‘பீட்’ என்றும், உருத்தெரியாது மக்கிக் குழைந்ததை ‘மக்’ என்றும் மண்ணியலார் வழங்குவர்.

இம்மண் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரை ஏந்தவல்லது. ஆனால் அளவுக்கு மீறி உலர்ந்துவிட்டால் மீண்டும் நீரை எளிதில் ஏற்காது. இதில் தழைச்சத்து ஏராளம். சாம்பல் சத்தும் மணிச்சத்தும் குறைவு. பல இடங்களில் புளிப்புத் தன்மையும், தாமிரம் முதலிய நுண்சத்துக்களின் பற்றாக்குறையும் காணப்படும். அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்து எவர்கிளேட்ஸ் சதுப்பில் பயிர்கள் செழிக்காதிருந்தன. அங்குச் சிறிதளவு மயில்துத்தம் இட்டதும் பயிர் தேறியதை 1927ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அளவாக நீர் வடித்துத் தக்க உரமிட்டால் காரட், வெங்காயம், உருளைக்கிழங்கு, கோசு முதலியன இம்மண்ணில் நன்கு விளையும். மண் மிருதுவாதலால் கிழங்குகள் தடையின்றிப் பருக்கின்றன.

இனி இதன் பேரிடரைக் காண்போம். நீரை வடித்தவுடன் காற்று உட்புகுகிறது. அதுவரை ஒடுங்கியிருந்த நுண்ணுயிர்கள் மண்ணையே தின்னத் தொடங்குகின்றன. மண் கரியமில வாயுவாக மாறி வானிற் கலக்கிறது. எஞ்சியது சுருங்கி அமுங்குகிறது. பொடியைக் காற்று வாரிச் செல்கிறது. தீப்பற்றினால் நிலத்தடியில் நாட்கணக்காகக் கனன்று எரியும். இங்கிலாந்தில் ஹோம் என்னும் சதுப்பில் 1851ஆம் ஆண்டளவில், தலை தரைமட்டத்தில் இருக்குமாறு இரும்புத் தூண் ஒன்றை நட்டனர். இன்று அது ஏறத்தாழ 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் உயரவில்லை, நிலமே தாழ்ந்தது. எவர்கிளேட்ஸில் 1924இல் அடிப்பாறைவரை இறக்கிய 9 அடித் தூணும் இவ்வாறே 6 அடிக்கு மேல் வெளிப்பட்டுவிட்டது.

இஃது அயல்நாட்டுச் செய்தி என்று நாம் வாளாவிருத்தல் கூடாது. நீலகிரியின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் இத்தகைய சதுப்புகள் உள்ளன. சாண்டிநல்லாச் சதுப்பின் அடியிலுள்ள படிவு 20,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக அளிப்பவை இவையே. காய்கறிச் சாகுபடிக்காக இவற்றுட் பலவற்றில் கால்வாய் வெட்டி நீர் வடிக்கப்பட்டுள்ளது. கேரளத்துக் குட்டநாட்டுக் ‘கரி’ நிலங்கள் வேறொரு பாடம் புகட்டுகின்றன. அம்மண்ணில் கந்தகம் கலந்த கனிமம் உண்டு; நிலம் காய்ந்தால் அது கந்தக அமிலமாக மாறி நெற்பயிரின் வேரைக் கெடுக்கும். ஆகவே அங்கு நீர்கட்டி அமிலத்தைக் கழுவி, சுண்ணாம்பு இட்டு உழவு செய்கின்றனர்.

ஏற்கெனவே சாகுபடியில் உள்ள மக்கு நிலங்களில் கையாளத்தக்க முறைகள் வருமாறு:

1. நீரை முற்றிலும் வடித்தல் ஆகாது. வடிகாலில் மடைப்பலகை அமைத்து, நீர்மட்டத்தைப் பயிருக்கேற்ப ஒன்றரை அடி முதல் 3 அடி ஆழத்தில் நிறுத்துக.

2. அறுவடை முடிந்ததும் நிலத்தைக் காயவிடாமல் இயன்றவரை நீர்கட்டுக. இயலாவிடில் மூடுபயிர் வளர்க்க.

3. தாள்களையும் சருகுகளையும் வயலிற் கொளுத்தற்க.

4. மண் பரிசோதனை செய்வித்தே சுண்ணாம்பு, சாம்பல் சத்து, மணிச்சத்து, நுண்சத்து ஆகியவற்றை இடுக. தாமிரம் மிகினும் நஞ்சாகும்.

இதுவரை கால்வாய் வெட்டப்படாத சதுப்புகளை அப்படியே விட்டுவைப்பதே சிறந்த பயன். ‘வீணாகக் கிடக்கும் பள்ளம்’ என்று அதைத் திருத்தும் திட்டம் பஞ்சாயத்தின் முன் வருமாயின், அப்பள்ளத்தின் கீழே எத்தனை கிணறுகளும் ஓடைகளும் உள்ளன என்று உறுப்பினர்கள் முதலில் கணக்கிட்டுப் பார்ப்பாராக. ஓரடி மக்கு மண் சேர்வதற்குச் சுமார் 300 ஆண்டுகள் செல்லும். அதை இழப்பதற்கு ஒரு தலைமுறையின் சாகுபடியே போதும். இம்மண்ணுக்குக் குறையாகத் தோன்றும் நீரே அதற்குக் காவலும் ஆகும்.