கணினியின் காவலன்: யூபிஎஸ் மென்பொருளை எவ்வளவு நம்பலாம்?



கணினியின்றிப் பள்ளி நடவாது என்னும் நிலை இன்று உருவாகிவிட்டது. மாணவர் பதிவுகள், தேர்வுத் தாள்கள், மதிப்பெண் பட்டியல்கள் ஆகிய யாவும் கணினியிலேயே சேமிக்கப்படுகின்றன. ஆனால், கணினிக்கு உயிர் தருவது மின்சாரம். அது ஒரு நொடி நின்றாலும், அதுவரை தட்டெழுதிச் சேமிக்காத பணி மறைந்துவிடும். எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு சிதைந்து, மீண்டும் திறக்கவே இயலாமற் போவதும் உண்டு.

நம் மலேசியத் திருநாடு இடியும் மின்னலும் மிகுந்த நாடாகும். 1992 செப்டம்பர் 29ஆம் நாளும் 1996 ஆகஸ்டு 3ஆம் நாளும் தீபகற்பத்தில் ஏற்பட்ட பெரும் மின்தடைகளைப் பெரியோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய பெருந்தடைகள் அரிதே. ஆயினும், மாலை மழையின்போது விளக்கு மங்கி எரிவதும் சில நிமிடங்கள் மின்சாரம் நின்றுபோவதும் தோட்டப்புறத்தில் வாழும் நாம் நன்கறிந்தவை.

இத்துன்பத்தைத் தவிர்க்கவே கணினியோடு யூபிஎஸ் எனப்படும் பெட்டியை இணைக்கிறோம். அதனுள் ஒரு மின்கலம் இருக்கிறது. சுவரிலிருந்து மின்சாரம் வரும்போது அது நிரம்பிக்கொள்ளும். மின்சாரம் நின்றதும் கணினிக்குத் தன் மின்சாரத்தை வழங்கும். நாள் முழுதும் வேலை செய்ய அது உதவாது. பணியைச் சேமித்துக் கணினியை முறையாக நிறுத்துவதற்குரிய சில நிமிட அவகாசத்தையே அது நமக்கு அளிக்கிறது.

அந்த அவகாசத்தில் அருகே ஆள் இல்லாவிட்டால் என் செய்வது? அதற்காகவே ஒரு மென்பொருள் உண்டு. பெட்டியிலிருந்து கணினிக்கு ஒரு யூஎஸ்பி வடம் செல்கிறது. மின்சாரம் நின்றது, மின்கலம் குறைகிறது, மின்சாரம் திரும்பியது ஆகிய செய்திகளைப் பெட்டி அவ்வடத்தின் வழியே அனுப்பும். மென்பொருள் அவற்றைக் கேட்டு, உரிய வேளையில் கணினியை நிறுத்த வேண்டும். கேட்பதற்கு எளிய கடமைதான். ஆனால், அதைப் பயன்படுத்துவோர் பலர் சலிப்படைந்து பெருமூச்சு விடுவதைக் காண்கிறோம். அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, திரையில் தோன்றும் நிமிடக் கணக்கு. ‘மின்கலம் 100 விழுக்காடு, இன்னும் 40 நிமிடம்’ என்று மென்பொருள் காட்டும். மின்சாரம் நின்றதும் ஐந்தே நிமிடத்தில் யாவும் அணைந்துபோகும். இஃது ஏன்? பால்மரம் வெட்டுவோர் இதனை எளிதில் உணர்வர். அடியில் கட்டிப்பால் உறைந்து படிந்துவிட்ட வாளியும் விளிம்புவரை நிறையத்தான் செய்யும். ஆனால், அது கொள்ளும் பால் குறைவு. பழைய மின்கலமும் அத்தகையதே. நிரம்பியிருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும் மென்பொருள், கொள்ளளவு சுருங்கிவிட்டதை அறிவதில்லை.

புதிய மின்கலத்திலும் கணக்குப் பிசகலாம். சிறிய பெட்டிகள் பலவற்றில் 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி அளவுள்ள மின்கலம் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 84 வாட் மணி கிடைக்கிறது. 120 வாட் இழுக்கும் கணினிக்கு அது 42 நிமிடம் வரவேண்டும். ஆனால், 7 ஆம்பியர் மணி என்பது 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல எடுக்கும்போது கிடைக்கும் அளவு. விரைந்து எடுத்தால் குறைவாகவே கிடைக்கும். மின்சாரத்தை மாற்றித் தருவதில் பெட்டியும் ஒரு பங்கை இழக்கும். ஆகவே, ஏறத்தாழப் பாதி நேரத்தையே எதிர்பார்க்கலாம்.

இரண்டாவது, நிறுத்தும் வேளை. சில மென்பொருள்கள் விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியதற்கே கணினியை நிறுத்திவிடும். வேறு சில, மின்கலம் வற்றும்வரை வாளாவிருந்து, இறுதி நொடியில் நிறுத்த முற்படும். அவ்வேளை ஒரு கோப்பு திறந்திருந்தால், ‘சேமிக்கவா?’ என்று கணினி வினவி நிற்கும். விடை சொல்ல அங்கே ஆள் இருக்கமாட்டார். அதற்குள் மின்கலம் தீர்ந்துவிடும். இதற்கு ‘ஹைபர்னேட்’ என்னும் முறை நல்லது. திறந்திருப்பவை அனைத்தையும் கணினி அப்படியே வட்டில் எழுதிவிட்டு அணைந்துவிடும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மூன்றாவது, ஒரு வீட்டில் இரு தலைவர். விண்டோஸ் இயங்குதளத்திலேயே மின்கலத்தைக் கவனிக்கும் ஏற்பாடு உண்டு. அதனோடு பெட்டியைச் செய்தவர் தரும் மென்பொருளையும் நிறுவினால், இரண்டும் வெவ்வேறு கட்டளைகளை இடக்கூடும். எளிய தேவைக்கு ஒன்றே போதும்.

நான்காவது, மின்சாரம் திரும்பியபின் எழும் சிக்கல். பள்ளியின் கோப்புகளைக் காக்கும் கணினி தானே மீண்டும் இயங்கவேண்டும் என விரும்புகிறோம். ஆனால், கணினி அணைந்த சிறிது நேரத்தில், மின்கலம் வற்றுமுன்னே மின்சாரம் வந்துவிட்டால், பெட்டி அதற்கு இடையறாது மின்சாரம் தந்துகொண்டேயிருக்கும். மின்சாரம் போய் வந்ததைக் கணினி உணராது, ஆகவே, எழாது. நல்ல மென்பொருள் கணினியை நிறுத்தியபின் பெட்டியையும் சற்று அணைத்து எழுப்பும். கணினியின் பயாஸ் அமைப்பிலும், மின்சாரம் வந்ததும் இயங்குக என்னும் விதியைத் தேர்ந்திருக்க வேண்டும்.

காக்க வந்த மென்பொருளே இடையூறாக மாறிய நிகழ்ச்சியும் உண்டு. அமெரிக்காவின் ஏபிசி நிறுவனம் வெளியிட்ட ‘பவர்சூட் பிசினஸ் எடிஷன்’ மென்பொருளின் 6ஆம் பதிப்பில் இடம்பெற்ற ஜாவாவின் சான்றிதழ் ஒன்று 2005 ஜூலை 27ஆம் நாள் காலாவதியாயிற்று. அதனால், மின்தடை ஏதுமின்றியே, அம்மென்பொருளை நம்பியிருந்த கணினிகள் தொடங்கும்போது நெடுநேரம் தடுமாறி நின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பது இதுவன்றோ!

அவ்வாறாயின், இம்மென்பொருளை ஒதுக்கிவிடலாமா? கூடாது. ஆளில்லா இரவில் வேறு காவல் ஏது? காவலனை அமர்த்திய நாம், அவன் விழித்திருக்கிறானா என்று அவ்வப்போது பார்த்துவரவேண்டும். அதுவே அறிவுடைமை. அதற்குரிய வழிகள் இவை:

பள்ளி விடுமுறைதோறும் ஆசிரியர் ஒருவர் பணிகளையெல்லாம் சேமித்து, வேறிடத்தில் படியெடுத்து வைத்தபின், பெட்டிக்குச் செல்லும் சுவர் விசையை அணைத்துப் பார்க்கலாம். செருகியைப் பிடுங்குதல் வேண்டா. விசையை மட்டும் அணைத்தால் நில இணைப்பு அறுபடாது. கணினி எத்தனை நிமிடத்தில் நின்றது, முறையாக நின்றதா, மின்சாரம் வந்ததும் எழுந்ததா என்பவற்றைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். திரை சொல்லும் கணக்கினும் அக்குறிப்பே மெய்யானது. சோதனையில் கண்ட நேரத்தின் பாதி கழியுமுன்னரே கணினி நிற்கும்படி மென்பொருளை அமைத்தல் நலம்.

மின்கலம் மாற்றிய நாளைப் பெட்டியின்மேல் எழுதி ஒட்டுக. இவ்வகை மின்கலம் 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும் என்பர். 25 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும். நம் நாட்டு வெப்பத்தில் மூன்றாம் ஆண்டிலேயே கவனம் தேவை. ஒரு பெட்டியில் பல கணினிகள் இணைந்திருந்தால், வடம் செருகிய கணினியே ஏனையவற்றுக்கு வலையமைப்பின் வழியே செய்தி சொல்லும். ஆகவே, அவ்வலையமைப்புக் கருவிக்கும் அதே பெட்டியிலிருந்து மின்சாரம் தரவேண்டும். இல்லையேல், செய்தி சென்று சேராது.

மாணவர்களுக்கு ஒரு சொல்: பெட்டியைத் திறக்க முயலாதீர்கள். அதனுள் காரீயமும் அமிலமும் உள்ளன. சுவர் விசையை அணைத்தபின்னும் அதில் மின்சாரம் இருக்கும். உங்களால் இயன்ற பெரும் பாதுகாப்பு வேறொன்று உண்டு. சில வரிகள் எழுதியவுடன் சேமிக்கப் பழகுங்கள். கன்ட்ரோல், எஸ் ஆகிய இரு விசைகளைச் சேர்த்து அழுத்த ஒரு நொடி போதும்.

நம் பிள்ளைகளுக்கென வாங்கிய கணினிகளில் பெற்றோரின் வியர்வையும் கலந்திருக்கிறது. அவற்றில் உள்ள பதிவுகளோ பணம் கொடுத்தாலும் மீளக் கிடைக்காதவை. கருவிகளைப் போற்றுவோம், ஆனால், சோதித்து அறிந்தபின் அவற்றை நம்புவோமாக!