படியேறும் நாற்காலி: முன்பணம் கொடுக்குமுன் எழுதி வாங்க வேண்டியவை

படிக்கட்டு லிஃப்ட் என்பது மாடிப்படியின் ஓரமாகப் பொருத்தப்படும் தண்டவாளத்தின் மேல், ஒருவரை உட்காரவைத்து மேலும் கீழும் கொண்டுசெல்லும் மின் நாற்காலியாகும். பழனி மலையின் விஞ்ச் கயிற்றால் இழுக்கப்படுவது. இந்த நாற்காலியோ பெரும்பாலான வகைகளில் தன் அடியிலுள்ள பற்சக்கரத்தால் தண்டவாளத்தின் பல்வரிசையைப் பற்றிக்கொண்டு தானே ஏறுகிறது. ஆகவே இதற்குக் குழி தோண்டவோ மேல்தளத்தை உடைக்கவோ தேவையில்லை; ஆனால் ஏறுபவரின் எடையும் இயந்திரத்தின் எடையும் சேர்ந்து படிகளின் மேலேயே இறங்குகின்றன என்பதால், படி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற சிற்றூர்களில், கடைத்தெருவை ஒட்டிய வீடுகளின் கீழ்த்தளத்தைக் கடைக்கோ வாடகைக்கோ விட்டுவிட்டுக் குடும்பம் மாடியில் குடியிருப்பதும், மாடிப்படி வெளிப்புறத்தில் திறந்த வெளியில் அமைந்திருப்பதும் பரவலாகக் காணப்படுபவை. வீட்டுக்குள் வைப்பதற்கென்று செய்யப்பட்ட நாற்காலியை இத்தகைய படியில் பொருத்தினால், வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் கோடை வெயிலும் அதன் மின்பலகையையும் இருக்கையையும் கெடுத்துவிடும். வெளிப்புறத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட வகையைக் கேட்டு வாங்குவதும், அப்போதும் படிக்கு மேலே ஒரு கூரை போடுவதும் அவசியமாகும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) குடியிருப்புப் படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மிகாமலும், கால் வைக்கும் மிதி 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. மேஸ்திரியின் கைக்கணக்கில் கட்டப்பட்ட பழைய படிகளோ ஒன்றுக்கொன்று உயரம் மாறுபடுவதுண்டு; எனவே முதற்படியையும் கடைசிப்படியையும் மட்டும் அளந்து தண்டவாளத்தின் நீளத்தைச் சொல்லும் விற்பனையாளரை நம்பக் கூடாது. கான்கிரீட் படியில் போல்ட் டைல்ஸையும் அதன் அடியிலுள்ள கலவையையும் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும்; செங்கல் கட்டி அதன் மேல் கடப்பாக்கல் பதித்த படியாக இருந்தால், பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை துளையிடவே விடக் கூடாது.

இவ்வளவுக்கும் முன்னதாக, முதியவரின் படுக்கையையும் கழிப்பறை வசதியையும் கீழ்த்தளத்துக்கு மாற்ற வழியுண்டா என்று குடும்பம் யோசிப்பது நல்லது. வழி இருக்குமானால், எந்த இயந்திரத்தையும்விட அதுவே பாதுகாப்பானது. விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார்.

நாற்காலியில் செல்பவர் தாமாக அதில் உட்காரவும், முதுகு சாயாமல் இருக்கவும், முழங்காலை மடக்கவும், பொத்தானை விடாமல் அழுத்தவும் இயலுபவராக இருக்க வேண்டும், ஏனெனில் பொத்தானிலிருந்து கை எடுத்த கணமே நாற்காலி நின்றுவிடும்படிதான் அது அமைக்கப்படுகிறது. பக்கவாதத்தால் இடக்கை விழுந்தவருக்குப் பொத்தான் வலக்கைப்பிடியில் வர வேண்டும் என்பது சிறிய விஷயமாகத் தோன்றினாலும், தண்டவாளம் படியின் எந்தப் பக்கம் வருகிறது, மேலே இறங்கும்போது இருக்கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பவற்றோடு சேர்த்துத்தான் அதைத் தீர்மானிக்க முடியும். மேல்முனையில் இருக்கை தளத்தை நோக்கித் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும்; அப்போதுதான் எழுபவரின் பாதம் தரையில் ஊன்றும், முதுகுக்குப் பின்னால்தான் படிகள் இருக்கும். திரும்பாத இருக்கையிலிருந்து ஒரு முதியவர் படியின் பக்கமாக இறங்க முயல்வது, இந்த ஏற்பாட்டின் மிக ஆபத்தான நொடி. மறதி நோய் முற்றியவர்களுக்கும், வலிப்பு வருபவர்களுக்கும், சக்கர நாற்காலியை விட்டு எழவே முடியாதவர்களுக்கும் இக்கருவி பொருந்தாது.

பெரும்பாலான நாற்காலிகள் இரண்டு 12 வோல்ட் மின்கலங்களில் ஓடுவதால் மின்தடையின்போதும் சில முறை ஏறி இறங்கலாம். ஆனால் அந்த மின்கலங்கள் தண்டவாளத்தின் முனைகளில் நிறுத்தும்போது மட்டுமே மின்னேற்றம் பெறும் வகைகளில், நாற்காலியை நடுப்படியில் விட்டுவைத்தாலோ, ஊருக்குப் போகும்போது வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சென்றாலோ, திரும்பி வரும்போது அது அசையாது. சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9386-2 நாற்காலியின் வேகத்தை விநாடிக்கு 0.15 மீட்டருக்குள் கட்டுப்படுத்துகிறது. ஐந்து மீட்டர் தண்டவாளத்தைக் கடக்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். மெதுவாகப் போகிறது என்று வேகத்தைக் கூட்டச் சொல்வது அறிவீனம். ஐரோப்பியத் தரமான இ.என். 81-40-க்கோ மேற்சொன்ன ஐ.எஸ்.ஓ. தரத்துக்கோ உட்பட்டது என்ற சான்றின் நகலும், நல்ல எர்த் இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் பொருத்துமுன்பே கையில் இருக்க வேண்டியவை.

தமிழ்நாட்டில் லிஃப்டுகளுக்கென 1997-ஆம் ஆண்டின் சட்டமும் விதிகளும் உள்ளன. உரிமம் வழங்குவது மின் ஆய்வுத்துறை. குழிக்குள் செங்குத்தாக இயங்கும் பெட்டியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட ஏற்பாடு அது. ஆகவே படிக்கட்டு நாற்காலிக்கு உரிமம் வேண்டாம் என்று விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்னால் அதை விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்வதும், ஐயமிருந்தால் மின் ஆய்வாளரிடமே எழுத்தில் கேட்பதும் தகும். வாடகை வீடாயின் உரிமையாளரின் எழுத்துமூல இசைவு வேண்டும். பங்கு பிரித்த வீட்டில் படி பொதுவாக இருந்தால், நாற்காலியை மடித்துவைத்த பின் எஞ்சும் அகலத்தை அளந்து காட்டிப் பங்காளிகளின் ஒப்புதலையும் பெற்றுவிட வேண்டும். பிறகு எழும் தகராறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

நேரான தண்டவாளத்தை வேறு வீட்டுக்கு மாற்றலாம். லேண்டிங்கில் திரும்பும் படிக்கான வளைந்த தண்டவாளமோ அந்த ஒரு படியின் அளவுக்கே வளைக்கப்படுவதால், ஆணை கொடுத்தபின் அதைத் திருப்ப வழியில்லை. அளவெடுத்தவர் தவறு செய்தால் செலவு யாருடையது, கோளாறு சொன்னபின் எத்தனை நாளில் சர்வீஸ் ஆள் வருவார், உதிரிபாகம் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், பயன்பாடு முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும் விலை என்ன ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் இல்லையெனில் முன்பணம் கொடுக்கக் கூடாது. முழுத்தொகையில் ஒரு பகுதியை, பயன்படுத்தப்போகும் முதியவரே உட்கார்ந்து சோதனை ஓட்டம் பார்க்கும் நாள்வரை நிறுத்திவைப்பது, சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ சர்வீஸ் வரவேண்டிய ஊர்களில் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் ஒரே உருப்படியான பிடி.

இதற்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால், சட்டம் வாங்குபவரின் ஊர்ப்பக்கமே நிற்கிறது. 1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், எதிர்த்தரப்பினரின் அலுவலகம் உள்ள இடத்தையோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்தையோ பார்த்தே புகார் கொடுக்க வேண்டியிருந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க இடமளிப்பதால், விற்றவர் எங்கிருந்தாலும் கீழ்பென்னாத்தூர்வாசி திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும், 5 லட்சம்வரை கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. அத்தகைய ஷரத்து நுகர்வோர் ஆணையத்தின் அதிகாரத்தைத் தடுக்காது என்பதை எமார் எம்.ஜி.எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது. வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்தால், சில நிறுவனங்கள் அந்த அளவிலேயே இறங்கிவருவதுண்டு.

காயம் ஏற்பட்டிருந்தால், பொருளின் குறையால் நேர்ந்த தீங்குக்குத் தயாரித்தவரும் விற்றவரும் சர்வீஸ் செய்தவரும் இழப்பீடு தரவேண்டிய பொறுப்பை, அதாவது பொருள்சார் பொறுப்பை, அதே சட்டத்தின் ஆறாம் அத்தியாயம் வரையறுக்கிறது. பல நாற்காலிகள் இறக்குமதியாக இருப்பதால் 86-ஆம் பிரிவு இங்கே மிகவும் உதவும்: தயாரிப்பாளர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவர்மீது இந்தியாவில் உத்தரவை நிறைவேற்ற முடியாவிட்டாலோ, விற்றவரே பொறுப்பாளி. எதிர்த்தரப்பு கையில் எடுக்கும் ஆயுதம் 87-ஆம் பிரிவு. பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றியமைக்கப்பட்டிருந்தாலோ விற்றவர்மீது வழக்கு நிற்காது. உள்ளூர் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு தடை பட்டால் நாற்காலியை நிறுத்தும் சென்சாரின் கம்பியை நேரடியாக இணைத்து ‘சரிசெய்த’ நாற்காலி, விபத்தைத் தடுக்கும் வழியையும் வழக்கையும் ஒன்றாக இழக்கிறது. விபத்து நடந்த அன்றே மின் இணைப்பைத் துண்டித்து, எதையும் கழற்றாமல் படமெடுத்து, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும் ரசீதையும் சர்வீஸ் குறிப்புகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகாரைக் கொடுத்துவிட வேண்டும்.